கல்லாவில் இருக்கும் பெரியவரும் காற்றில் வரும் தூசியும்

மாசி பிறந்ததும் நம் மண்டிகளுக்குப் புது வத்தல் வரத் தொடங்கிவிடும். விளாத்திகுளம், புதூர், நாகலாபுரம் பக்கத்திலிருந்தும் இராமநாதபுரம் சீமையிலிருந்தும் வரும் மூட்டைகளை அவிழ்த்து, பதம் பார்த்து, தரம் பிரித்துக் கொட்டும்போது எழும் தும்மல் சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். வாலிபப் பிள்ளைகள் நாலு தும்மல் போட்டுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த மூட்டையைத் தூக்கப் போய்விடுகிறார்கள். அறுபதும் எழுபதும் கடந்து கல்லாவில் அமர்ந்திருக்கும் அண்ணாச்சிமார் நிலை வேறு. காலையில் தொடங்கிய மூக்கொழுகல் மதியம் வரை நிற்பதில்லை. கண் எரிகிறது, தொண்டை அரிக்கிறது, இரவில் படுத்தால் நெஞ்சுக்குள் விசில் ஊதுகிறது. விசாரித்தால், "இது தொழிலோடு வந்த சீக்குப்பா, சித்திரை கழிஞ்சா போயிரும்" என்று பதில் வருகிறது.

பருவத்தோடு வருவதும் பருவத்தோடு போவதும் உண்மைதான். ஆனால் தொழிலோடு வந்தது என்பதற்காக அப்படியே விட்டுவிட வேண்டும் என்பது நமக்குச் சரியாகப் படவில்லை. சரக்கில் வண்டு விழுந்தால் சும்மா இருப்போமா?

நம் கடற்கரையில் பருவத்தைக் காற்றை வைத்துக் கணக்கிட்டவர்கள் நம் முன்னோர். மேற்கிலிருந்து வருவது கச்சான், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், வடக்கிலிருந்து வருவது வாடை. காற்று அடங்கிக் கடல் தெளிந்திருக்கும் பங்குனி, சித்திரையை ஒட்டித்தான் அந்நாளில் முத்துக்குளிப்பு நடந்தது. 1961-ஆம் ஆண்டோடு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. காற்றுக் கணக்கு மட்டும் நிற்கவில்லை. நம் பெரியவர்களின் மூக்கும் நெஞ்சும் இன்றைக்கும் அந்தக் கணக்கைத்தான் காட்டுகின்றன.

மாசி, பங்குனியில் வத்தல், மல்லி வரத்து ஒரு பக்கம் என்றால், ஊரைச் சுற்றியுள்ள சீமைக் கருவேலம், அதாவது நாம் உடை என்று சொல்லும் மரம், அப்போதுதான் மஞ்சள் கதிராகப் பூத்துத் தொங்குகிறது. அதன் மகரந்தம் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியது என்று நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் பல ஊர்களில் கண்டு சொல்லியிருக்கிறார்கள். பிறகு ஆனி, ஆடி, ஆவணியில் கச்சான் காற்று. மற்ற ஊர்களுக்குத் தென்மேற்குப் பருவம் என்றால் மழை, நமக்கோ மண். சாத்தான்குளம், குதிரைமொழிப் பக்கத்துத் தேரி மணலையே மேடு மேடாக நகர்த்துகிற காற்று, கடைக்குள் வராமல் இருக்குமா? கதவைத் திறந்து வைத்துத்தான் வியாபாரம் செய்ய வேண்டும் என்பது நம் தலையெழுத்து.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடையும் மழையும் வந்து தூசி அடங்குகிறது. அப்போது ஈரம் ஏறுகிறது. ஈரம் ஏறினால் சாக்கில் பூஞ்சணம் பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைப் பூச்சி, மாவிலும் தானியத்திலும் படுக்கையிலும் பெருகும். உண்ணி இனத்தைச் சேர்ந்த இந்தச் சிற்றுயிரின் கழிவுதான் பலருக்குத் தும்மலையும் இளைப்பையும் கொண்டுவருகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி மாவட்டமே மிதந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அன்று குடோன்களில் புகுந்த தண்ணீர் ஒரு வாரத்தில் வடிந்தது. சுவரில் ஏறிய ஈரமும் அதில் படர்ந்த கரும்பூஞ்சணமும் வடிய எத்தனை மாதம் ஆயிற்று என்பது குடோனுக்குள் சென்று வந்தவர்களுக்குத் தெரியும். சரக்கு நஷ்டத்துக்குக் கணக்கு எழுதினோம். நெஞ்சுக்குள் போனதற்கு யாரும் கணக்கு எழுதவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. வத்தல் நெடியால் வரும் தும்மல் எல்லாம் ஒவ்வாமை ஆகாது. மிளகாயில் உள்ள காரப் பொருள் மூக்கின் நரம்பையே நேராகத் தீண்டுகிறது. அந்தக் காரத்தை உணரும் வாயில் நரம்பில் எது என்று கண்டுபிடித்தவர் டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி. அதற்காக 2021-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. மிளகாய் நெடி யார் மூக்கில் பட்டாலும் தும்மல் வரும், இடத்தை விட்டு நகர்ந்தால் சற்று நேரத்தில் நின்றுவிடும். ஒவ்வாமை அப்படியல்ல. அது சிலருக்கு மட்டுமே வரும். உடம்பு ஒரு பொருளைப் பகையாக எண்ணிக்கொண்டுவிட்டால், அது துளியளவு பட்டாலும் மூக்கு, கண், நெஞ்சு எல்லாம் போர்க்கோலம் பூணும். வீட்டுக்குப் போன பிறகும், நடு இரவிலும் தொந்தரவு செய்யும். ஏற்கெனவே ஒவ்வாமை உள்ள மூக்கில் வத்தல் நெடியும் சேர்ந்தால், வெந்த புண்ணில் வேல் பாய்ந்த கதைதான்.

"நாற்பது வருஷமா இதே சரக்கைத்தானே விக்கிறேன், இப்ப மட்டும் எப்படி ஒத்துக்காமப் போகும்?" என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. போகும். பல ஆண்டு பழகிய பொருளே பின்னாளில் பகையாவது தொழில்வழி வரும் ஒவ்வாமையின் குணம். நம் வட்டாரத்திலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் நிலாவரை இலையை, நாம் அவுரி என்று சொல்லிப் பழகிய அந்தச் சரக்கை, எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தூசியை நாள்தோறும் சுவாசித்த மருந்துத் தொழிற்சாலை ஆட்களுக்கு மூக்கொழுகலும் ஆஸ்துமாவும் வந்ததை மேல்நாட்டு மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இசப்கோல் தூசியும் அப்படியே. இதெல்லாம் இன்று நேற்றுக் கண்ட சங்கதியும் அல்ல. 1700-ஆம் ஆண்டிலேயே இத்தாலியில் ரமாசினி என்ற வைத்தியர் தொழிலாளர்களுக்கு வரும் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதி, தானியம் சலிப்பவர்களும் அளப்பவர்களும் தூசியால் படும் பாட்டையும் எழுதி வைத்திருக்கிறார். முந்நூறு வருஷத்துக்குப் பிறகும் நாம் அதே தூசியில் நின்று அளந்துகொண்டிருக்கிறோம்.

துறைமுக ஊர்க்காரர்களாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. ஸ்பெயின் நாட்டில் பார்சிலோனா என்று ஒரு துறைமுக நகரம். அங்கே 1981 முதல் 1987 வரை, சில குறிப்பிட்ட நாட்களில் மட்டும், திடீரென்று கூட்டம் கூட்டமாக ஜனங்கள் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். உயிரிழந்தவர்களும் உண்டு. பாதிக்கப்பட்டவர்கள் அநேகமாக எல்லாருமே பெரியவர்கள். காரணம் புரியாமல் மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் திகைத்தார்கள். கடைசியில் துறைமுகத்துக் கப்பல் கணக்கை எடுத்துவைத்து நாளோடு நாள் ஒத்துப் பார்த்தார்கள். மூச்சு முட்டிய அத்தனை நாளும் துறைமுகத்தில் சோயா மொச்சை இறக்கிய நாளாக இருந்தது. சரக்கு சேமிக்கும் உயரமான தொட்டியில் தூசியைத் தடுக்கும் வடிகட்டி இல்லை, அங்கிருந்து பறந்த தூசிதான் நகரத்தின் நெஞ்சை அடைத்தது என்று 1989-இல் அறிவித்தார்கள். வடிகட்டி வைத்தார்கள், தொல்லை நின்றது. சோயா வியாபாரம் நிற்கவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

நோயாளியின் உடம்பைப் பார்த்து விளங்காதது, சரக்கு வந்த தேதியைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. இந்த வேலை நமக்குக் கைவந்த வேலை அல்லவா? நாம் சொல்வது இதுதான். வீட்டுப் பெரியவருக்குத் தும்மல், இளைப்புத் தொல்லை இருந்தால், குறிப்பு நோட்டில் ஒரு பக்கத்தை அதற்கென்று ஒதுக்குங்கள். இன்று என்ன சரக்கு பிரித்தோம், என்ன காற்று அடித்தது, எத்தனை மணிக்குத் தும்மல் தொடங்கியது, இரவு தூங்கினாரா, இவ்வளவு போதும். கடை அடைத்த ஞாயிற்றுக்கிழமை எப்படி இருந்தது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். வெளியூர்க் கல்யாணத்துக்குப் போன நாலு நாளில் சுகமாக இருந்து, திரும்பி வந்து மண்டியில் கால் வைத்ததும் தொடங்கினால், குற்றவாளி எங்கே இருக்கிறான் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு மாதக் கணக்கோடு டாக்டரிடம் போனால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

இனி மாத்திரை விஷயத்துக்கு வருவோம். இதைச் சற்றுக் காரமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

நம் பெட்டிக் கடைகளிலும் சில மளிகைக் கடைகளிலும் சளி மாத்திரை, அலர்ஜி மாத்திரை என்று அட்டையிலிருந்து கத்தரித்துக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. "அண்ணாச்சி, தும்மலுக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். லாபத்துக்காகக் கொடுக்கிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராது என்பதுதான் காரணம். ஆனால் இந்த மாத்திரைகளை மருந்து உரிமம் இல்லாமல் விற்பது சட்டப்படி குற்றம். அதைவிடப் பெரிது, வாங்கிப் போகிறவர் எழுபது வயதுக்காரராக இருக்கிறார் என்பது.

அவில், சி.பி.எம். போன்ற பழைய வகை மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவரும் என்பது எல்லாருக்கும் தெரியும். வயதானவர் உடம்பில் அந்த மருந்து இளைஞர் உடம்பில் போல வேகமாக வடியாது, மறுநாள் காலையிலும் மயக்கம் நிற்கும். வாய் உலரும், மலம் இறுகும். ஆண்களில் பலருக்கு அந்த வயதில் புராஸ்டேட் வீக்கம் இருக்கும். அவர்களுக்குச் சிறுநீர் அடியோடு கட்டிக்கொள்வதும் உண்டு. சிலருக்குப் புத்தி தடுமாறி, இருக்கும் இடம் தெரியாமல் பேசுவார்கள். வீட்டார் காத்துக் கருப்பு என்று பயந்துபோவார்கள். 1991-இல் மார்க் பீர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர், முதியவர்களுக்குக் கூடுமானவரை தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று ஒரு பட்டியல் போட்டார். 2023-இல் திருத்தி வெளியிட்ட பதிப்பிலும் இந்தப் பழைய வகை மாத்திரைகள் இடம் பெற்றிருக்கின்றன.

நமக்குத் தெரிந்த மொத்த வியாபாரி ஒருவர், கணக்கில் புலி, எழுபத்திரண்டு வயது. வத்தல் சீசனில் தும்மல் தாங்காமல் பக்கத்துக் கடையில் வாங்கிய மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தார். இரவு இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுந்தவர், தூக்கக் கலக்கத்தில் வாசற்படி தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவர் கடைக்கு வரவில்லை. தும்மலால் யாரும் படுத்த படுக்கையாவதில்லை.

தும்மலுக்கும் மூக்கடைப்புக்கும் சேர்த்து என்று வரும் கூட்டு மாத்திரைகளில் அடைப்பை நீக்கும் மருந்தும் கலந்திருக்கும். அது ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. பிரஷர் மாத்திரை சாப்பிடும் பெரியவர் இதையும் சேர்த்து விழுங்கினால் என்ன ஆகும்? மூக்கில் விட்டதும் பளிச்சென்று திறக்கும் சொட்டு மருந்தும் ஒரு வாரத்துக்கு மேல் விட்டால் அடைப்பை அதிகமாக்கும். சிலர் மூன்று நான்கு மாத்திரைகளைச் சேர்த்துப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார்கள். அதில் ஸ்டீராய்டு மாத்திரை ஒன்று இருந்தால் இளைப்பு மந்திரம் போட்டாற்போல் நிற்கும், சர்க்கரை நானூறுக்கு ஏறும்.

நாம் விற்கும் சுக்கு, மிளகு, திப்பிலி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நம் சரக்கை நாமே குறைத்துப் பேசலாகாது. தொண்டைக்கு இதமாக இருக்கும், தாராளமாகக் குடிக்கலாம். நெஞ்சில் விசில் ஊதும் இளைப்புக்கு அது மருந்து என்று சொல்லி மட்டும் விற்காதீர்கள்.

சுலபமாகச் செய்யக்கூடியது நம் ஊர்ச் சரக்கிலேயே இருக்கிறது. ஒரு டம்ளர் கொதித்து ஆறிய நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, கடை அடைத்து வீட்டுக்கு வந்ததும் மூக்கைக் கழுவினால் அன்றைய தூசி அன்றைக்கே போய்விடும். குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் பயன்படுத்தக் கூடாது. அதற்கும் அடங்காதவர்களுக்கு மூக்கில் அடிக்கும் ஸ்பிரே இருக்கிறது. டாக்டர் சொல்படி அடித்தால் பெரும்பாலான முதியவர்களுக்கும் அது பாதுகாப்பானது. இரண்டு நாள் அடித்துவிட்டுக் குணமில்லை என்று தூக்கிப் போடுகிறார்கள். அது முழுப் பலன் தர ஒன்று, இரண்டு வாரம் பிடிக்கும், சீசன் முடியும் வரை தினமும் அடிக்க வேண்டும். இளைப்பு உள்ளவர்களுக்கு இன்ஹேலர். "அது வச்சா விட முடியாது, கடைசி மருந்து" என்ற பேச்சு நம் தெருக்களில் இன்னும் இருக்கிறது. அது வெறும் பேச்சு. மாத்திரையாக உடம்பு முழுக்கப் போக வேண்டியதை நெஞ்சுக்கு மட்டும் அளந்து கொடுக்கிற வழி அது. கை நடுங்குகிறவர்கள், விரல் மடங்காதவர்கள் அதோடு ஸ்பேசர் என்ற குடுவையைச் சேர்த்து வாங்கிக்கொண்டால் மருந்து வீணாகாமல் உள்ளே போகும்.

எல்லா இருமலையும் அலர்ஜி என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துவிட வேண்டும், காசநோய் இல்லை என்று உறுதி செய்ய. பிரஷருக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளே வறட்டு இருமலைக் கொண்டுவரும், டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். காலில் வீக்கத்தோடு, படுத்தால் மூச்சு முட்டினால் அது இதயத்தின் கோளாறாக இருக்கலாம், ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

கடைக்குள் என்ன செய்யலாம்? முதலில் கல்லாவின் இடத்தை மாற்றுங்கள். பல மண்டிகளில் கல்லா, வத்தல் கொட்டும் இடத்துக்கு நேர் எதிரே, காற்று அடிக்கும் திசையின் மறு முனையில் இருக்கிறது. வாஸ்து பார்த்து வைத்தோம் என்பார்கள். காற்று வாஸ்து பார்த்து அடிப்பதில்லை. பெரியவரை எழுந்து வீட்டுக்குப் போகச் சொன்னால் போகமாட்டார், போகச் சொல்லவும் பிள்ளைகளுக்கு மனம் வராது, வரவும் வேண்டாம். முதலாளியின் இருக்கை அவருக்கே இருக்கட்டும், வாசல் பக்கம் காற்று முதலில் நுழையும் இடத்தில் இருக்கட்டும். வத்தல், மல்லி சலிப்பதையும் சாக்கு உதறுவதையும் அவர் சாப்பாட்டுக்குப் போன நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் தூசி இடம் மாறுமே தவிரப் போகாது. ஈரத் துணியால் துடைப்பதே நல்லது. சாயந்தரம் சாம்பிராணி போடுவதை விடச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. வாசலோரம் கொஞ்சமாகப் போட்டால் சாமி கோபித்துக்கொள்ளாது. கொசுவர்த்திச் சுருளைக் கல்லா மேசைக்கு அடியில் கொளுத்தி வைப்பதை நிறுத்தியே ஆக வேண்டும்.

முதலாளியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நிறுத்தினால் நியாயமாகாது. குடோனின் உள்ளே வத்தல் காம்பு கிள்ளும் ஆச்சிமார் இருக்கிறார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. தும்மலுக்காக எழுந்து வெளியே போனால் கூலி குறையும் என்று முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு கிள்ளுகிறார்கள். பலருக்கு அறுபதுக்கு மேல் ஆகிறது. சேலைத் துணி நுண்ணிய தூசியைத் தடுக்காது. நல்ல மாஸ்க், அழுந்தப் பொருந்தும் வகையில், முதலாளி செலவில் கொடுக்க வேண்டும். ஒரு மூட்டை வத்தல் விலையில் ஒரு சீசனுக்கே வாங்கிவிடலாம். வேலையை உள்ளறையிலிருந்து காற்றோட்டமான திண்ணைக்கு மாற்றுவது அதைவிட மேல், அதற்குச் செலவும் இல்லை.

நம் சங்கம் செய்ய வேண்டியவையும் உண்டு. மருந்து உரிமம் இல்லாத கடைகளில் அலர்ஜி மாத்திரை விற்பதில்லை என்று நாமாகவே தீர்மானம் போட வேண்டும், அதிகாரிகள் வந்து சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம். தை மாதத்தில், புது வத்தல் வருவதற்கு முன்னால், தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய் மருத்துவர்களை அழைத்து, குழாயில் ஊதிப் பார்க்கும் மூச்சுப் பரிசோதனை முகாம் ஒன்று நடத்தலாம். பெரியவர்கள் ஆஸ்பத்திரி என்றால் வரமாட்டார்கள், சங்கக் கட்டிடம் என்றால் வருவார்கள். காம்பு கிள்ளும் ஆச்சிமாரையும் சுமை தூக்கும் தொழிலாளர்களையும் அன்று கூலி பிடிக்காமல் அனுப்பி வைக்க ஒவ்வொரு மண்டிக்காரரும் சம்மதிக்க வேண்டும். அடுத்த செயற்குழுவில் இதை வைக்க இருக்கிறோம். சில்லறை வியாபாரிகள் பக்கத்திலிருந்தும் இரண்டு பேர் வந்து பேசினால் தீர்மானம் ஒரே நாளில் முடியும்.